கோதுமைத் துரு நோய்: எதிர்ப்பும் வேண்டும், விளைச்சலும் வேண்டும்

கோதுமை ரக உருவாக்கத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். துரு என்பது பூஞ்சையால் வரும் நோய், தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு என மூன்று வகை. இதைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், நோய் எதிர்ப்பைச் சேர்த்தால் விளைச்சல் குறையும் என்று படித்தேன். உண்மையா? (வேளாண் மாணவி)

பெரும்பாலும் பழி தவறான இடத்தில் விழுகிறதம்மா. தண்டுத் துருவை எதிர்க்கும் எஸ்ஆர்26 மரபணு தினோபைரம் என்ற காட்டுப்புல்லிலிருந்து வந்தது. அதைச் சேர்த்த ஆஸ்திரேலிய ரகங்களில் விளைச்சல் ஏறக்குறைய 9% குறைந்தது. பிறகு, கூடவே ஒட்டி வந்த புல்லின் குரோமோசோம் துண்டைச் சிறிதாக்கினார்கள். எதிர்ப்பு நின்றது, இழப்பு போனது. மரபணு உள்ள வரிசை (ஒரே மரபுள்ள செடிக் கூட்டம்), இல்லாத வரிசை இரண்டையும் பூஞ்சைமருந்து தெளித்து நோயில்லாமல் வளர்த்துப் பாருங்கள். அப்போது தெரியும் வித்தியாசம்தான் உண்மையான விலை. இந்தச் சோதனை இல்லாமல் யார் சொன்னாலும் நான் ஏற்பதில்லை.

எதிர்ப்பு மரபணு சேர்த்த வித்தியாசம் மாவில் தெரியுமா அண்ணா?

நன்றாகவே தெரியும். கோதுமைக்கு உறவான ரை தானியத்திலிருந்து வந்த ஒரே குரோமோசோம் துண்டு மூன்று துரு நோய்களுக்கும் சாம்பல் நோய்க்கும் எதிர்ப்பு தந்தது, விளைச்சலும் கூடியது. ஆனால் மாவு பிசுபிசுக்கும். ரொட்டித் தொழிற்சாலையில் இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். இலைத் துருவை எதிர்க்கும் எல்ஆர்24 மரபணுவோடு சிவப்பு மணி வந்தது. சப்பாத்திக்கு வெளிர்மணி கேட்கும் சந்தையில் அது விலை போகாது. அந்தச் சிவப்பு விலகிய வரிசையை வைத்துத்தான் நீலகிரியின் வெலிங்டனில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார்கள். எல்ஆர்19 என்ற இன்னொரு இலைத் துரு எதிர்ப்பு மரபணு மாவை மஞ்சளாக்கும். ரொட்டிக்குக் குறை, பாஸ்தா கோதுமைக்கோ அதுவே வரம்.

நான் குன்னூர். வெலிங்டனில் எதற்குக் கோதுமை ஆராய்ச்சி?

நோய் அங்கேதான் குடியிருக்கிறது. வட சமவெளியின் கோடை வெயிலில் துருவின் வித்துகள் செத்துவிடும். நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் தண்டுத் துரு வருடம் முழுக்கப் பிழைக்கும். அங்கிருந்து காற்றிலும் மழையிலும் மத்திய இந்தியா வரை போகும். இந்தியத் துரு நோய் ஆய்வாளர் கே.சி. மேத்தா தொடங்கிய ஆய்வுகள்தான் இதற்கு அடித்தளம். அங்கே தாக்குப்பிடிக்கும் செடியை நம்பலாம்.

வலுவான ஒரு மரபணு போதாதா?

போதாது. ரை தானியத்திலிருந்து வந்த தண்டுத் துரு எதிர்ப்பு மரபணு எஸ்ஆர்31 பல நாடுகளில் பல வருடம் காத்தது. 1998-ல் உகாண்டாவில் யூஜி99 என்ற பூஞ்சை இனம் அதை உடைத்தது. எல்ஆர்34 மரபணு வேறு மாதிரி. நோயை முழுசாகத் தடுக்காது, வளர்ந்த செடியில் மெதுவாக்கும். நூறு வருடம் ஆகியும் விழவில்லை. இலை நுனி கொஞ்சம் கருகும், அதை நோய் என்று நினைத்துச் செடியைக் கழித்துவிடாதீர்கள். கடும் தாக்குதலில் அது தனியாக நிற்காது. இப்படிப்பட்ட நாலைந்தை ஒன்றுசேர்த்தால் ஏறத்தாழ முழு எதிர்ப்பு கிடைக்கும். பொறுமையான வேலை, என் மனம் எப்போதும் இந்தப் பக்கம்தான்.

ஹரியானாவில் நண்பர் சொந்த விதையையே போடுகிறார். எதிர்ப்பு போய்விடுமா?

போகாது, கோதுமை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். மாறுவது பூஞ்சை. பெரும்பரப்பில் விளைந்த பிபிடபிள்யூ 343 என்ற கோதுமை ரகம் அப்படித்தான் மஞ்சள் துருவிடம் தோற்றது. ஊர் முழுக்க ஒரே ரகம் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜனவரியில் இலை மஞ்சளானால் விரலால் தேய்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் பொடி ஒட்டினால் துரு, அன்றே வேளாண் அலுவலரிடம் போகவேண்டும். ஒட்டாவிட்டால் சத்துக்குறைவாகவோ தண்ணீர் தேங்கியதாகவோ இருக்கலாம்.