கோலும் மெத்தையும் கேட்பது எப்படி?

கேள்வி: எங்கள் கழகத்தில் மூன்று பிள்ளைகள் கோலூன்றிப் பாய்கிறார்கள். ‘விளையாட்டு உபகரணம் தந்துதவவும்’ என்று வருடாவருடம் பிரதேச செயலகத்துக்கு எழுதுகிறோம். கரப்பந்தும் வலையும்தான் வருகின்றன.
– கழகச் செயலாளர், மருதங்கேணி

பதில்: ‘உபகரணம்’ என்று மொட்டையாக எழுதினால் பந்துதான் வரும். கோலூன்றிப் பாய்தலில் அனித்தா ஜெகதீஸ்வரன், புவிதரன் என்று தேசிய சாதனையாளர்களைத் தந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியிருப்பது வேறு கதை.

முதலில் பிள்ளைகளின் நிறையை அளந்து கடிதத்தில் போடுங்கள். ஒவ்வொரு கோலிலும் நீளமும் அது தாங்கும் நிறையும் குறிக்கப்பட்டிருக்கும். 45 கிலோ கோலில் 58 கிலோப் பிள்ளை பாய்ந்தால் கோல் முறியலாம். மறுவளமாக, கூடிய நிறைக்கான கோலை நிறை குறைந்த பிள்ளைக்குக் கொடுத்தால் கோல் வளையாது. பிள்ளை மெத்தையை எட்டாமல் ஓடுபாதைப் பக்கமே விழும். மூன்று நிறைக்கு மூன்று கோல் கேளுங்கள். கோலில் ஸ்பைக் சப்பாத்து கீறினாலும் அந்த இடத்திலேயே பிறகு வெடிக்கும்; உறையும் சேர்த்துக் கேளுங்கள்.

மெத்தை குறைந்தது 5 மீற்றருக்கு 5 மீற்றர். வெறும் மண்ணில் போட்டால் மாரி மழையில் அடிப்பஞ்சு நீரை உறிஞ்சி நாறிவிடும். அடியில் வைக்கப் பலகைத் தட்டும், மூடத் தறப்பாளும் அதே கடிதத்தில் இருக்கட்டும்.

ஓடுபாதைக்கு 40 மீற்றர் வேண்டும். கோல் ஊன்றும் பெட்டி 20 சென்ரிமீற்றர் ஆழம், சீமெந்தில் பதிப்பது. கோப்பு பெரும்பாலும் இங்கேதான் சிக்கும்: மைதானக் காணி கோயிலுடையதா, பிரதேச சபையுடையதா? உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே இணையுங்கள். நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது. கார்த்திகையில் கொடுத்தால் அந்த வருடத்துக்குப் பிந்திவிடும்.

கேள்வி: பட்டினத்துக் கழகங்களுக்கே எல்லாம் போவதாகச் சந்தேகம். எப்படி அறிவது?
– வாசகர், நெடுந்தீவு

பதில்: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். ‘ஏன் எங்களுக்குத் தரவில்லை?’ என்பது சண்டை. ‘மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் சென்ற வருடம் விளையாட்டுக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, பெற்ற கழகங்கள்’ என்பதுதான் கேள்வி. போக்குவரத்துச் செலவையும் தனியாகக் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே தொகை கிடைத்தாலும், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேறி வரும் அணிக்கு அது சமமாகாது.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதன் பிறகு இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு. விண்ணப்பத்தைக் கொடுத்ததற்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் படகேறாதீர்கள்.