சூளைக்குத் திரும்பிப் போகிறவர்கள்

கேள்வி: கொத்தடிமைகளாக இருந்தவர்களை அதிகாரிகள் மீட்டு விடுதலை வாங்கித் தருகிறார்கள். சிலரோ கொஞ்ச நாளில் அதே செங்கல் சூளைக்குத் திரும்பிப் போய்விடுகிறார்கள். சுதந்திரத்தின் அருமை தெரியாதவர்களை என்னதான் செய்வது?
- ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: அருமை தெரியாதவர்களா? விடுதலை, சுதந்திரம் இரண்டும் ஒன்றுதான் என்று நீங்கள் நினைப்பதால்தான் இப்படிக் கேட்கத் தோன்றுகிறது. மீட்கப்பட்டவர் கையில் இருப்பது விடுதலைச் சான்றிதழ். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அவர் வாங்கிய முன்பணக் கடன் ரத்து, முதலாளி அதைத் திருப்பி வாங்கினாலே 3 ஆண்டு வரை சிறை. நல்ல சட்டம். இனி நீ போகலாம் என்கிறது. சரி, எங்கே போவது? தங்கியிருந்த குடிசையும் சூளைக்காரர் இடத்தில்தானே இருந்தது!

சுதந்திரம் என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் இன்னொரு பொருள் இருந்தது. அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் வண்ணாருக்கும் நாவிதருக்கும் தச்சருக்கும் வெட்டியாருக்கும் அளந்துவிட்ட நெல்லுக்கே சுதந்திரம் என்றுதான் பெயர். தமிழ் பைபிளில் சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்வார்கள் என்று வருகிறதே, அங்கேயும் சொத்தாகப் பெறுவது என்றுதான் அர்த்தம். களத்து நெல் சாதியோடு கட்டிப்போட்ட கூலி, அது மறுபடி வரவே கூடாது. ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பங்கு இருந்தது, நாம் கொடுக்கிற சான்றிதழில் அது இல்லை.

நீதிமன்றத்துக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. டெல்லி ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், பசிக்காகக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்வதும் கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விடுவித்துவிட்டு மறுவாழ்வு தராமல் விடுவது அரசியல் சட்டத்தையே மீறுவது என்றும் 1984-இல் சொன்னது. அப்புறம் 2016-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஆண் தொழிலாளிக்கு 1 லட்சம் ரூபாய் என்று போட்டுவிட்டு, முழுத் தொகையும் கைக்கு வருவதை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டார்கள். வழக்கு எப்போது முடிவது, பிள்ளைகள் எப்போது சாப்பிடுவது? அதற்குள் சூளைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி முன்பணத்தோடு வாசலில் வந்து நின்றுவிடுகிறார்.

மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், மறுவாழ்வைக் கவனிக்க வேண்டும் என்று அதே 1976 சட்டம் சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அது கடைசியாக எப்போது கூடியது என்று ஆட்சியர் அலுவலகத்தில் மனு போட்டுக் கேளுங்கள்.