ஒரு பிழை இருந்தால் எல்லாம் போய்விடுமா?

அன்புள்ள ஐயா,

என் நண்பன் பைபிளில் உள்ள முரண்பாடுகள் என்று ஒரு பெரிய பட்டியலை அனுப்பியிருந்தான். யூதாஸ் தூக்குப் போட்டுச் செத்தானா, கீழே விழுந்து வயிறு வெடித்துச் செத்தானா? மக்களைக் கணக்கெடுக்கும்படி தாவீதைத் தூண்டியது கடவுளா, சாத்தானா? இப்படிப் போகிறது பட்டியல். எங்கள் சபை மூப்பரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். யூதாஸ் தூக்குப் போட்டான், கயிறு அறுந்தது, விழுந்தான், வயிறு வெடித்தது என்றார். கேட்டபோது எனக்கு நிம்மதி வரவில்லை. நண்பனின் ஏளனத்தையும் ஏற்க முடியவில்லை. ஒரே ஒரு பிழை இருந்தாலும் முழு வேதாகமமும் போய்விடும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. பிழை இருக்கிறதா, இல்லையா? நேரடியாகச் சொல்லுங்கள்.

ஜெயசீலன்

அன்புள்ள ஜெயசீலன்,

இருக்கிறது. மழுப்பவே முடியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். யூதாவின் ராஜா யோராம் 32 வயதில் பட்டத்துக்கு வந்து 8 ஆண்டுகள் ஆண்டு செத்தான் என்று 2 நாளாகமம் 21 சொல்கிறது. அப்படியானால் சாகும்போது வயது 40. அடுத்த அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் அவனுடைய கடைசி மகன் அகசியா ராஜாவாகிறான். அவனுக்கு வயது 42. தகப்பனைவிட மகன் இரண்டு வயது மூத்தவன்! இதே அகசியாவுக்கு 2 இராஜாக்கள் 8:26 கொடுக்கும் வயது 22. கையால் நகலெடுத்த காலத்தில் யாரோ ஒருவருக்கு எண் தவறிவிட்டது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. பிழையே இல்லை என்ற கொள்கையை வலுவாக வகுத்துச் சொன்ன 1978-ஆம் ஆண்டின் சிகாகோ அறிக்கையும் அந்த உறுதியை மூலப் பிரதிகளுக்கே தருகிறது, நகல்களுக்கு அல்ல. மூலப் பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. ஆகவே நம் கையில் இருக்கும் அச்சிட்ட புத்தகத்தில் பிழை உண்டா என்றால், அந்தக் கொள்கைக்காரர்களே உண்டு என்று ஒப்புக்கொள்வார்கள்.

இந்த வகைப் பிழை யாரையும் அதிகம் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் நண்பனின் பட்டியலில் பாதியாவது இப்படித்தான் இருக்கும். இன்னும் சில முரண்பாடே இல்லாதவை. நீதிமொழிகள் 26-இல் நான்காம் வசனம் மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்கிறது. ஐந்தாம் வசனம் பதில் சொல் என்கிறது. அடுத்தடுத்த வரிகளில் இப்படி வைத்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? இதையும் பட்டியலில் சேர்ப்பவர் எண்ணிக்கையைக் கூட்டுகிறார், படிக்கவில்லை.

யூதாஸ் விஷயம் அப்படியல்ல. மூப்பரின் கயிறு சாவை மட்டும்தான் விளக்குகிறது. மத்தேயு 27-இல் யூதாஸ் வெள்ளிக்காசுகளை ஆலயத்தில் எறிந்துவிட்டுப் போய்விடுகிறான். நிலத்தை வாங்குபவர்கள் ஆசாரியர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 1-இல் நிலத்தை வாங்கியவன் யூதாஸே. அதற்கு இரத்தநிலம் என்ற பெயர் வந்தது மத்தேயுவில் அந்தப் பணம் இரத்தக்கிரயம் என்பதால். நடபடிகளில் அவன் அங்கே கோரமாகச் செத்தது ஊருக்கெல்லாம் தெரிந்ததால். கயிற்றை எத்தனை முறை அறுத்தாலும் இவை ஒன்றாகாது.

என்னை வருத்துவது அதுகூட இல்லை. இரண்டையும் ஒட்டவைக்கும்போது தொலைந்துபோவது எது என்று பாருங்கள். மத்தேயுவின் யூதாஸ் மனம் கசந்தவன். குற்றமில்லாதவனைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று ஆசாரியர்களிடமே போய்ச் சொல்கிறான். எங்களுக்கென்ன, அது உன் பாடு என்று அவர்கள் கைகழுவுகிறார்கள். தாவீதுக்குத் துரோகம் செய்த அகித்தோப்பேல் தூக்கிட்டுக்கொண்டதை அறிந்த வாசகருக்கு அந்தச் சாவின் கனம் தெரியும். நடபடிகளின் யூதாஸிடம் வருத்தத்தின் நிழல்கூட இல்லை. அது தண்டனை. அதே புத்தகத்தின் 12-ஆம் அதிகாரத்தில் ஏரோது புழுத்துச் சாவதைப் போன்ற சாவு. துரோகியின் முடிவைப் பற்றி இருவர் இருவிதமாக யோசித்திருக்கிறார்கள். கயிறு அறுந்தது என்ற கதையை எழுதியவர் மத்தேயுவும் இல்லை, நடபடிகளை எழுதிய லூக்காவும் இல்லை. அது மூன்றாவது கதை.

இப்படி ஒன்றாக்கும் வேலை புதிதல்ல. ஏறக்குறைய கி.பி. 170-இல் தாத்தியான் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் பின்னி ஒரே நூலாக்கினார். தியாதெசரோன் என்று அதற்குப் பெயர். முரண்பாடு இல்லாத, சரளமான ஒரே கதை. சிரியா பகுதிச் சபைகள் பல தலைமுறைகள் அதைத்தான் வாசித்தன. 5-ஆம் நூற்றாண்டில் தியோதரெத் என்ற ஆயர் தன் பொறுப்பிலிருந்த சபைகளிலிருந்து 200-க்கும் மேற்பட்ட பிரதிகளை எடுத்துவிட்டு நான்கு சுவிசேஷங்களைத் திரும்ப வைத்தார். முரண்படாத ஒன்று கையில் இருந்தும் திருச்சபை முரண்படும் நான்கைத் தேர்ந்துகொண்டது! இதை உங்கள் நண்பனுக்கும் சொல்லுங்கள். அவன் கண்டுபிடித்ததாக நினைப்பதை அன்றே அறிந்து, அறிந்தபடியே வைத்துக்கொண்டார்கள்.

சரி, தாவீதுக்கு வருவோம். பட்டியலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். 2 சாமுவேல் 24-இல் கர்த்தருடைய கோபம் இஸ்ரவேலின்மேல் மூள்கிறது, அவரே தாவீதை ஏவுகிறார். தாவீது கணக்கெடுக்கிறான். பிறகு அது பாவம் என்று அவன் மனம் வாதிக்கிறது, கொள்ளைநோயில் 70,000 பேர் சாகிறார்கள். படிக்கும் யாருக்கும் நெஞ்சில் முள் தைக்கும். ஏவியவரே தண்டிப்பாரா? சாமுவேலின் ஆசிரியர் எந்தச் சமாதானமும் சொல்லாமல் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்.

நாளாகமத்தை எழுதியவர் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு வந்தவர். சாமுவேல், இராஜாக்கள் நூல்களைப் பக்கம் பக்கமாகப் பின்பற்றுகிறார். பல இடங்களில் வரிக்கு வரி அதே வாசகம். இந்த இடத்துக்கு வரும்போது கர்த்தர் இருந்த இடத்தில் சாத்தானை எழுதுகிறார். கைதவறி எழுதியதல்ல இது. தேசத்தையும் ஆலயத்தையும் இழந்து திரும்பிய ஒரு சமூகத்துக்கு, கடவுள் தீமைக்குத் தூண்டுவாரா என்பது ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்காது. அதற்கு அவர் ஒரு பதில் எழுதியிருக்கிறார். கொள்ளைநோய் நிற்கும்படி பலிபீடம் கட்டுவதற்காகத் தாவீது வாங்கிய போரடிக்கும் களத்தின் விலையும் மாறுகிறது. சாமுவேலில் 50 சேக்கல் வெள்ளி, நாளாகமத்தில் 600 சேக்கல் பொன். அந்த இடத்தில்தான் ஆலயம் எழுந்தது என்பது நாளாகமம் வலியுறுத்தும் செய்தி. கோத்திரத்துக்கு 50 வீதம் பன்னிரண்டு கோத்திரத்துக்கு 600 என்று பழைய யூத விளக்கம் ஒன்று உண்டு.

கடவுள் அனுமதித்தார், சாத்தான் செய்தான், ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று மூப்பர் சொல்லியிருப்பார். அதை நான் எளிதில் தள்ள மாட்டேன். நாளாகமக்காரரின் மனதிலும் அதற்கு நெருக்கமான ஏதோ இருந்திருக்கலாம். ஆனால் அது இரண்டு நூல்களும் சொல்லாத ஒன்று, வாசிப்பவர் சேர்ப்பது. சேர்க்கலாம், நம்பிக்கையுள்ளவருக்கு அந்த உரிமை உண்டு. சேர்த்துவிட்டு வேறுபாடே இல்லை என்று சொல்லும்போதுதான் சாமுவேலின் முள் நம்மைக் குத்தாமல் போகிறது. அந்த முள்ளை அங்கே வைத்தவருக்கு அது அநியாயம் என்று நினைக்கிறேன்.

முன்னோர்கள் இதையெல்லாம் பார்த்து மிரளவில்லை. எசேக்கியேல் புத்தகம் மோசேயின் ஐந்து நூல்களான தோராவோடு முரண்படுவதால் அதை மறைத்துவைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, ரபி ஒருவர் 300 ஜாடி எண்ணெயோடு மாடியறையில் உட்கார்ந்து இரண்டையும் இணக்கப்படுத்தினார் என்று யூத மரபு நூலான தல்மூத் சொல்கிறது. அந்தப் புத்தகம் அதன் பிறகும் வேதமாகவே இருக்கிறது. மத்தேயு 27:9-இல் எரேமியா சொன்னதாக வரும் மேற்கோள் சகரியா 11-ஐ ஒட்டியது. எரேமியாவின் பெயர் எப்படி உள்ளே வந்தது என்று தெரியவில்லை, அதைப் பற்றி நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவும் இல்லை என்று 16-ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி கால்வின் தன் விளக்கவுரையில் எழுதினார். கால்வினைவிட வேதத்தின்மேல் பற்றுள்ளவர் யார்?

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பிழையில்லை என்ற நிலைப்பாடும் பழையதுதான். உண்மைக்கு மாறாக ஏதேனும் தென்பட்டால் பிரதி தவறு, அல்லது மொழிபெயர்த்தவர் தவறு, அல்லது எனக்குப் புரியவில்லை என்று பழங்காலத் திருச்சபையின் பேரறிஞர் அகஸ்டின், வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதினார். ஒரு பொய்க்கு இடம் கொடுத்தால் எந்த வரியை நம்புவது என்ற உங்கள் மூப்பரின் பயம் அவருக்கும் இருந்தது. பயம் நேர்மையானதே. ஆனால் ஒரு பிழை வந்தால் எல்லாம் போச்சு என்ற நிபந்தனையை அந்தப் புத்தகம் தனக்குத் தானே விதித்துக்கொள்ளவில்லை. 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். கிறிஸ்பு, காயு என்னும் இருவரைத் தவிர உங்களில் ஒருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று பவுல் நன்றி சொல்கிறார். உடனே நினைவு வருகிறது. ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தேன் என்கிறார். அப்புறம், வேறு யாருக்காவது கொடுத்தேனா, எனக்குத் தெரியாது என்கிறார். சொன்னதைத் திருத்துவதும் மறந்துபோனதை ஒப்புக்கொள்வதும் அப்படியே வேதமாக நிற்கின்றன. ஒரு வரியைக்கூட யாரும் அழிக்கவில்லை. இதை எழுதியவரை நான் அதிகமாகத்தான் நம்புவேன்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது, உங்கள் கவலையின் அடியில் அதுதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்: உயிர்த்தெழுதல். கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார், அங்கே இருந்தது ஒரு வாலிபனா, ஒரு தூதனா, இரண்டு பேரா, சீஷர்கள் அவரைக் கண்டது கலிலேயாவிலா எருசலேமிலா என்பதில் நான்கு சுவிசேஷங்களும் ஒத்துப்போகவில்லை. பெண்கள்தான் முதலில் போனார்கள், கல்லறை காலியாக இருந்தது என்பதில் நான்கும் ஒன்றே. சாட்சிகள் விவரங்களில் வேறுபட்டால் நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று எந்த வரலாற்றாசிரியரும் சொல்ல மாட்டார். ஒத்துப்போவதை மட்டும் வைத்து, செத்தவர் எழுந்தார் என்று அவர் எழுதவும் மாட்டார். அது உங்கள் நம்பிக்கை தீர்மானிக்க வேண்டியது. அகசியாவின் வயதை வைத்து அதைத் தீர்மானிக்காதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். மாற்குவை மட்டும் எடுத்து முதலிலிருந்து 16:8 வரை ஒரே மூச்சில் படியுங்கள். மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டிலும் மாற்கு அங்கேதான் முடிகிறது, பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஓடுவதோடு. மத்தேயுவையோ லூக்காவையோ வைத்து அந்த முடிவை மனதுக்குள் நிரப்பாதீர்கள். சில நாள் கழித்து மற்றவற்றைத் தனித்தனியாகப் படியுங்கள். மூப்பர் சம்மதித்தால் அவரோடு உட்கார்ந்தே படியுங்கள். என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.

அன்புடன்.