ஸ்பீக்கரில் ரீங்காரம்: கேபிளை மாற்றுவதற்கு முன்பு பார்க்க வேண்டியவை

கேள்வி: என் ஆம்ப்ளிஃபயருடன் கேபிள் டிவி செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர், டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) ஆகிய மூன்றையும் இணைத்திருக்கிறேன். பாட்டை நிறுத்திய பிறகும் ஸ்பீக்கர்களில் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. பின்புறக் கேபிள்கள் கண்ணை உறுத்தாமல் இருக்க, எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருக்கிறேன். விலை உயர்ந்த கேபிள்கள் வாங்கினால் இது சரியாகிவிடுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரியாமல் கேபிளை மாற்றுவது வீண் செலவு. வழியைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை.

முதலில் வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ரீங்காரமும் கூடவே ஏறி இறங்கினால், அது வெளியிலிருந்து உள்ளீடு வழியாக வருகிறது. மாறாமல் ஒரே அளவில் இருந்தால், உள்ளீட்டுக் கேபிள்களையெல்லாம் கழற்றிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே, குறிப்பாக அதன் பவர் சப்ளை கெப்பாசிட்டர்களில், இருக்க வாய்ப்புண்டு. அது டெக்னீஷியனின் வேலை.

ரீங்காரம் வால்யூமுடன் மாறினாலும், கேபிள்களைக் கழற்றியதும் அமைதியானாலும், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டே செருக வேண்டும், ஏனெனில் ஆர்சிஏ பிளக்கில் (ஆடியோ கேபிளின் முனையில் இருக்கும் வட்டமான பிளக்) நடு ஊசி முதலில் தொட்டு, வெளி வளையம் பிறகுதான் தொடுகிறது. அந்த இடைவெளியில் எழும் பெரும் உறுமல் ஸ்பீக்கரையே கெடுத்துவிடலாம். செலக்டரை வேறு உள்ளீட்டுக்குத் திருப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பல ஆம்ப்ளிஃபயர்களில் செலக்டர் சிக்னலை மட்டுமே மாற்றும். எல்லாக் கருவிகளின் கிரவுண்டும் (சிக்னல் திரும்பும் பொதுப் பாதை) உள்ளே ஒன்றாகவே இணைந்திருக்கும். ஆகவே கையால் உருவித்தான் சோதிக்க வேண்டும்.

உங்கள் இணைப்பைப் பார்த்தால், என் முதல் சந்தேகம் கிரவுண்ட் லூப். கம்ப்யூட்டர் மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்துடன் இணைந்திருக்கிறது. செட்டாப் பாக்ஸுக்கு வரும் கோஆக்சியல் கேபிளின் வெளிவலை வேறோர் இடத்தில் எர்த் செய்யப்பட்டிருக்கும். இந்த இரண்டு எர்த்துகளுக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு, ஆம்ப்ளிஃபயர் வழியாக ஆர்சிஏ கேபிளின் ஷீல்டில் (நடுக் கம்பியைச் சுற்றியுள்ள உலோக வலையில்) மின்னோட்டமாகப் பாய்கிறது. அந்த ஷீல்டுதான் சிக்னல் திரும்பும் பாதையும் என்பதால், 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் பாட்டுடன் கலந்துவிடுகிறது. எத்தனை தரமான ஷீல்டு இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

சோதிப்பது எளிது: செட்டாப் பாக்ஸின் கோஆக்சியல் கேபிளை மட்டும் திருகிக் கழற்றுங்கள். ரீங்காரம் உடனே நின்றால் அந்த இடத்தில் ஒரு கால்வனிக் ஐசொலேட்டரை (சிக்னலை விட்டுவிட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் சிறு கருவி) பொருத்தலாம். செட்டாப் பாக்ஸிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் அது இன்னும் நல்லது. ஒளி வழியாகச் செல்லும் இணைப்பில் லூப் உருவாகவே வழியில்லை. கம்ப்யூட்டர் பக்கம் காரணம் என்றால், நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாமல் ஒலி சிக்னலைக் கடத்தும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதும். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதும் உதவும். எர்த் பின்னை உடைப்பதும், அதில் டேப் ஒட்டுவதும் மட்டும் கூடவே கூடாது. இரைச்சல் நிற்கலாம்; ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் கருவியின் உலோக உடலைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து.

டர்ன்டேபிள் தனிக் கதை. சிடி பிளேயர் சுமார் 2 வோல்ட் கொடுக்கிறது. டர்ன்டேபிளின் ஊசி பொருந்தியிருக்கும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் கொடுப்பதோ ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். நானூறில் ஒரு பங்கு. அதனால்தான் அதன் கேபிள் அருகில் எது இருந்தாலும் கேட்டுவிடுகிறது. அதிலிருந்து தனியாக வரும் மெல்லிய கிரவுண்ட் வயரை ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்ட் திருகில் இறுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இதை மறப்பவர்கள் அதிகம். டர்ன்டேபிள் ஆம்ப்ளிஃபயரின் மேலேயே இருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பக்கத்துக்குத் தள்ளி வையுங்கள்.

இனி அந்தக் கட்டு. அதை அவிழ்த்துவிடுங்கள். பவர் கார்டுகளும் அடாப்டர்களும் ஒரு பக்கம், சிக்னல் கேபிள்கள் மறுபக்கம், முடிந்தால் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கட்டும். குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் செங்கோணத்தில் கடக்கட்டும். இணையாக நீண்ட தூரம் ஓடும்போதுதான் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் அதிகமாகப் பதிகிறது. ஸ்பீக்கர் கேபிள்கள் அத்தனை நுட்பமானவை அல்ல. இடையில் எங்கும் போகலாம். சிக்னல் கேபிள் மிச்சம் விழுந்தால் சுருட்டி வைப்பதைவிட, தேவையான நீளத்தில் வேறொன்று வாங்குவதே மேல்.

கேபிளுக்குச் செலவழிக்க விரும்பினால், பிளக் சாக்கெட்டில் இறுக்கமாக அமர்கிறதா, ஷீல்டு அடர்த்தியாகப் பின்னப்பட்டிருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்து, நடுத்தர விலையில் வாங்குங்கள். ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும்: 10 மீட்டர் தூரத்துக்கு, போக வர சேர்த்து, அதன் தடை கால் ஓம்கூட வராது. 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் மட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.