பழைய சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும்) மில்லிங் மெஷினுக்குப் புது மோட்டாரும் கன்ட்ரோலரும் போடலாமா?

கன்ட்ரோலர் செத்துவிட்டது, மெஷினின் இரும்பு உடல் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். போடலாம். ஆனால் இரும்பு நன்றாக இருக்கிறதா என்பதை முதலில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) சொல்லட்டும். டேபிளை நகர்த்தும் திருகான பால் ஸ்க்ரூவைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, டேபிளை இரு பக்கமும் நெம்பிப் பாருங்கள். முள் 0.04 மி.மீ. ஆடினால் ஸ்க்ரூவின் நட்டோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. இந்த ஆட்டத்துக்கு (பேக்லாஷ்) மென்பொருளில் ஈடு கொடுக்கலாம்தான். ஆனால் கட்டர் இழுக்கும்போது டேபிள் அந்த இடைவெளிக்குள் ஓடுவதை அது தடுக்காது.

பழைய மெஷினில் இருக்கும் டிசி சர்வோ மோட்டார்களை (தன் நிலையை அளந்து திருத்திக்கொண்டே ஓடுபவை) உடனே தூக்கிப் போடாதீர்கள். பிரஷ் சரியாக இருந்தால் டிரைவை (மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் பெட்டி) மட்டும் மாற்றினால் போதும். புதிதாக வாங்குவதென்றால் ஏசி சர்வோதான் என் தேர்வு. படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாரில் வேகம் கூடக் கூட டார்க் (சுற்றும் விசை) குறையும். சுற்றை அளக்கும் என்கோடர் இல்லாவிட்டால் ஸ்டெப் தவறியதும் தெரியாது.

அப்புறம், பல்ஸ் கணக்கு. கன்ட்ரோலர் டிரைவுக்கு அனுப்பும் மின் துடிப்புதான் பல்ஸ். 5 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூ (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும்), சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்றால் ஒரு பல்ஸுக்கு 0.0005 மி.மீ. நிமிடத்துக்கு 6 மீட்டர் ஓட நொடிக்கு 20 சுற்று, அதாவது நொடிக்கு 2 லட்சம் பல்ஸ். கம்ப்யூட்டரின் பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் இணைப்பு) இதற்குத் தாங்காது. லினக்ஸ்சிஎன்சி என்ற கன்ட்ரோல் மென்பொருள் போடுவதானாலும் பல்ஸுக்குத் தனி கார்டு வேண்டும்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை மென்பொருளை நம்பி விடாதீர்கள். பட்டனை அழுத்தினால் கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) விழுந்து டிரைவுக்குப் போகும் மின்சாரமே நிற்க வேண்டும். மேலும் கீழும் நகரும் இசட் அச்சு மோட்டாருக்கு பிரேக் அவசியம். இல்லாவிட்டால் மின்சாரம் நின்ற அதே நொடியில் ஹெட் (கட்டரைத் தாங்கும் பகுதி) கீழே இறங்கிவிடலாம்.