இரவு வேலைக்குப் போய் அவசர நிதி சேர்க்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சி.என்.சி. (கணினிவழி இயங்கும் இயந்திரம்) ஆபரேட்டராக இருக்கிறேன். சம்பளம் 19,500 ரூபாய், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். பிடித்தம் உண்டு. மனைவி, ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள், அம்மா ஆகியோருடன் வாடகை வீட்டில் இருக்கிறோம். போன வருடம் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று நள்ளிரவில் தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது, 40,000 ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கினேன். பதினான்கு மாதம் வட்டி கட்டிய பிறகு, மனைவியின் சங்கிலியை விற்று அசலை அடைத்தேன். இனி இந்த நிலை வரக் கூடாது என்று, ஷிஃப்ட் முடிந்ததும் இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை உணவு டெலிவரிக்குப் போய் ஒரு லட்சம் சேர்க்க நினைக்கிறேன். நான்கு மணி நேரத்தில் 430 ரூபாய் கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். மனைவி வேண்டாம் என்கிறார். சீட்டுப் போடலாம் என்பது அவர் யோசனை. என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, பதினான்கு மாதம் வட்டி கட்டியதைப் பற்றியது. மாதம் 2,000 வீதம் 28,000 ரூபாயை நீங்கள் வட்டியாகவே கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பதினான்கு மாதமும் உங்கள் குடும்பம் 17,500 ரூபாய்க்குள் வாழ்ந்திருக்கிறது. கடன் முடிந்த இந்த மாதத்திலிருந்தே அதே 2,000 ரூபாயை, வட்டிக்காரர் வந்து நிற்கும் அதே தேதியில், தனிக் கணக்கு ஒன்றில் போட்டுவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தொடங்கலாம் என்று விட்டால், அந்தப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது கடினம்.

அடுத்து, நண்பர் சொன்ன 430 ரூபாயைப் பார்ப்போம். நான்கு மணி நேரத்தில் அறுபது கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோலுக்கே ஏறக்குறைய 135 ரூபாய் போய்விடும். ஆயில், டயர், பிரேக் தேய்மானத்துக்கு முப்பது ரூபாயாவது ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது 265 ரூபாய். மணிக்கு 66 ரூபாய்.

இப்போது உங்கள் தொழிற்சாலைக்கு வருவோம். 19,500 ரூபாயை 26 நாளுக்கும் எட்டு மணி நேரத்துக்கும் வகுத்தால் மணிக்கு 94 ரூபாய் வருகிறது. தொழிற்சாலைத் தொழிலாளியின் மிகை நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்து தொடர்ந்துவரும் விதி, அதாவது ஓ.டி. பார்க்கும் ஒரு மணிக்கு 187 ரூபாய். ஒற்றைக் கூலியே கொடுத்து அனுப்பும் பட்டறைகள் நம் ஊரில் பல இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். உங்கள் நிறுவனமும் அப்படியென்றால், உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து சூப்பர்வைசரிடம் முறையாகக் கேளுங்கள். ஓ.டி. நேரத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு இருப்பதால் மாதம் பதினாறு மணி நேரம் மட்டும் என்று வைத்துக்கொண்டாலும், 3,000 ரூபாய் கிடைக்கும். இ.எஸ்.ஐ.க்கான 21,000 ரூபாய் என்ற சம்பள வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி. பணத்தைச் சேர்ப்பதில்லை என்பதால், அதனால் நீங்கள் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியேற மாட்டீர்கள்.

அந்த 3,000 ரூபாயும் பழைய வட்டிப் பணம் 2,000 ரூபாயும் சேர்ந்து மாதம் 5,000 ஆகிறது. இரண்டாவது வேலை இல்லாமலேயே வரும் தொகை இது. அதனால் உங்கள் மனைவி சொல்வது சரி என்றே நானும் நினைக்கிறேன். காலையில் சுழலும் சக்கின் (உலோகத் துண்டைப் பிடித்துச் சுழற்றும் இயந்திரப் பகுதியின்) முன்னால் நிற்கப் போகிறவர் நள்ளிரவு வரை வண்டி ஓட்டக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் ஒரு விரல் போனால் எந்தச் சேமிப்பும் அதை ஈடுகட்டாது. ஓ.டி. கிடைக்காத மாதங்களில் ஞாயிறு பகலில் மட்டும் டெலிவரிக்குப் போகலாம். அதற்கு முன், வெளிவேலைக்குத் தடை உண்டா என்று நியமன ஆணையில் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கென எடுத்த வண்டி இன்ஷூரன்ஸ் டெலிவரி வேலையின்போது செல்லுமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ஒரு லட்சம் என்ற இலக்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வாடகை, மளிகை, கேஸ், பள்ளிக் கட்டணம், மருந்து என்று நிறுத்த முடியாத செலவு மாதம் 16,000 என்றால், மூன்று மாதத்துக்கு 48,000 போதும். பத்து மாதத்தில் அது சேர்ந்துவிடும். நீங்கள் நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால், சந்தா நிபந்தனை நிறைவேறியிருக்கும் நிலையில், இ.எஸ்.ஐ. வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தருகிறது. உங்களைச் சார்ந்திருக்கும், வருமானம் வரம்புக்குள் உள்ள தாய்க்கும் அதில் சிகிச்சை உண்டு. அம்மாவின் பெயர் உங்கள் இ.எஸ்.ஐ. குடும்ப விவரத்தில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இருந்திருந்தால், சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலேயே அந்த அறுவை சிகிச்சை நடந்திருக்கலாம்.

பணத்தை எங்கே வைப்பது என்பதில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இளவயதில், அலுவலகம் முடிந்ததும் ஒரு ஜவுளிக்கடையில் பேரேடு எழுதப் போனேன். ஒன்றரை வருடம் எழுதினேன். கடைக்காரர் சனிக்கிழமைதோறும் பழுப்புக் கவரில் தந்த பணத்தைச் சம்பளப் பணத்தோடு ஒரே பெட்டியில் வைத்தேன். அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அன்று அந்தப் பெட்டியில் 600 ரூபாய்தான் இருந்தது. உழைத்தது உண்மை, சேர்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தது மட்டும் பொய் என்று அன்று புரிந்தது. அதனால்தான் தனிக் கணக்கை இவ்வளவு வலியுறுத்துகிறேன். சம்பளம் வராத வேறொரு வங்கியில், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி மனைவியோடு கூட்டுக் கணக்குத் தொடங்குங்கள். அதை ஜிபே, போன்பே எதிலும் இணைக்காதீர்கள். ஏ.டி.எம். அட்டை பர்ஸில் வேண்டாம், பீரோவில் இருக்கட்டும். முதல் 15,000 ரூபாய் நள்ளிரவிலும் எடுக்கும்படி அதிலேயே இருக்க வேண்டும். அதற்கு மேல் சேர்வதைப் பத்துப் பத்தாயிரமாகத் தனித்தனி வைப்புத்தொகையாகப் போட்டால், தேவை வரும்போது ஒன்றை மட்டும் முறிக்கலாம். வங்கி முடங்கினாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

சீட்டு இதற்குப் பொருந்தாது. பதிவு பெற்ற சீட்டாக இருந்தாலும், பணம் கிடைப்பது ஏலத் தேதியில். அம்மாவுக்கு வலி வந்த இரவில் அல்ல. அஞ்சலக ஆர்.டி.யும் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) ஐந்து வருடத் திட்டம். மூன்று வருடத்துக்கு முன் முடிக்க முடியாது. மகளின் படிப்புக்கு அது நல்லது, அவசரத்துக்கு உதவாது. 48,000 நிறைந்த பிறகு வரும் ஓ.டி. பணத்தில் முதலில் அந்தச் சங்கிலியை மீண்டும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அவசர நிதி சேர்க்க மாலையில் வீட்டில் டியூஷன் எடுக்கலாமா?

– வாசகி, திண்டுக்கல்

பதில்: கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவில் ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. முன் அனுமதியின்றி வேறு தொழில் செய்வதை 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளும் தடுக்கின்றன. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்துவதற்கும் தேர்தல் பணிக்கும் கிடைக்கும் மதிப்பூதியம், ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பெறும் தொகை, உங்கள் பணிப் பிரிவுக்கு உண்டென்றால் பொங்கல் போனஸ் ஆகியவை சம்பளத்துக்கு வெளியே உங்களுக்கு வருபவை. அவற்றை மேலே சொன்னதுபோல் தனிக் கணக்கில் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.