புரூக்கிங்ஸ் வரும் தம்பிக்கு, சனிக்கிழமைகளைப் பற்றி

ஆகஸ்டில் சவுத் டகோட்டா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் எம்.எஸ். சேரப்போகிறாய். அறை, ஜாக்கெட், பகுதிநேர வேலை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, போகிறபோக்கில் "அங்கே ஃபுட்பால் பைத்தியமாமே, இரண்டாம் டிவிஷன் டீம்தானே, போய்ப் பார்க்கணுமா அண்ணா?" என்றும் கேட்டிருக்கிறாய். வாடகையைச் சீனியர்களிடம் கேள், இந்த வருட நிலவரம் அவர்களுக்குத்தான் தெரியும். நான் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் அலட்சியமாகக் கேட்கிறார்கள், அடிபடுவதும் இதில்தான்.

இங்கே ஃபுட்பால் என்றால் நம்மூர் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். டிவிஷன் டூ என்பது வேறு, தம்பி. நம் டீம் ஆடுவது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றுக்குள்ளேயே இரண்டாவது அடுக்கு. பெயர் எஃப்சிஎஸ், 2006 வரை 'ஒன்று-டபுள் ஏ' என்றார்கள். மேலடுக்கான எஃப்பிஎஸ்ஸில் 85 பேருக்கு முழு உதவித்தொகை, இங்கே 63 பேருக்கு ஆகும் தொகையைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள் என்பதுதான் நெடுங்காலமாக இருந்த கணக்கு. டல்லாஸ், நியூஜெர்சி நம்மாட்கள் "அதெல்லாம் ஒரு டீமா" என்பார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் எந்த ஆட்டத்தையும் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

சீசன் எப்படிப் போகும் என்று தெரிய 2023ஐ எடுத்துக்கொள். அதற்கு முந்தைய வருடம் செப்டம்பரில் நம் யுனிவர்சிட்டியின் ஜாக்ராபிட்ஸ் டீம் மேலடுக்கு டீமான அயோவாவிடம் 7-3 என்று தோற்றது. அயோவா ஒரு டச்டவுன்கூடப் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவது) போடவில்லை. ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3 புள்ளி, இரண்டு சேஃப்டி 4. (பந்தை வைத்திருப்பவனை அவனுடைய கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கினால் எதிரணிக்கு 2 புள்ளி, அதுதான் சேஃப்டி.) இப்படிப் பெரிய டீமின் ஊருக்குப் போய் ஆடினால் சின்ன டீமுக்குக் காசு கிடைக்கும், பல கல்லூரிகளின் பட்ஜெட்டில் அது ஒரு முக்கிய வரவு. அந்தத் தோல்விக்குப் பிறகு தொடர்ந்து 29 வெற்றி. 2022, 2023 இரண்டு வருடமும் சாம்பியன்.

2023இல் வழக்கமான ஆட்டங்கள் 11. அதில் நவம்பர் 4 ஆட்டத்தில் நார்த் டகோட்டா ஸ்டேட்டை 33-16 என்று வென்றார்கள். பக்கத்து வீட்டுப் பங்காளிச் சண்டை மாதிரி இது. பரிசும் கோப்பை அல்ல, இரண்டு மாநில எல்லையில் நட்டிருக்கும் எல்லைக்கல்லின் நகல். இப்படிப் பெரிய ஆட்டம் வரும் வாரம் கடைசி நிமிடத்தில் டிக்கெட் தேடாதே. ஊரில் இருப்பதே சுமார் 23,000 பேர், ஸ்டேடியத்தில் சுமார் 19,000 இருக்கை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: நவம்பரோடு சீசன் முடியாது. நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய ஞாயிறு, பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுகளுக்கான 24 டீம் பட்டியல் வரும். மேல்தட்டில் இருப்பவர்களுக்கு முதல் சுற்று கிடையாது, அவர்களிலும் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் வென்றுகொண்டே போனால் அரையிறுதிவரை சொந்த ஊரிலேயே ஆடலாம். 2023இல் டிசம்பர் 2, 9 சனிக்கிழமைகளிலும் 15 வெள்ளியன்றும் மூன்று ஆட்டமும் இங்கேதான். மெர்சர் 41-0, வில்லனோவா 23-12, ஆல்பனி 59-0. இறுதி ஜனவரி 7, டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில், மொன்டானாவுடன் 23-3. நான்கு ஆட்டத்தில் விட்டது மொத்தம் 15 புள்ளி. அரையிறுதி தேர்வு முடிகிற சமயத்தில் வரும். பிளேஆஃப் டிக்கெட் தனியாக விற்பார்கள், மாணவர் அட்டைக்கு என்ன சலுகை என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்.

விதியைப் பற்றிப் பயப்படாதே. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் நகரவேண்டும், நகர்ந்தால் மறுபடி நான்கு. இவ்வளவு தெரிந்தாலே முதல் பாதியை ஓட்டிவிடலாம். கடிகாரத்தில் 60 நிமிடம், நீ உட்காரப்போவது மூன்றரை மணி நேரம்.

அந்த மூன்றரை மணி நேரத்தில் உன்னை முறிப்பது காற்றல்ல, காலுக்குக் கீழே இருக்கும் கான்கிரீட். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து மடித்துக் கொண்டுபோய்க் காலடியில் போட்டுக்கொள், உள்ளே விடுவார்களா என்று மட்டும் முன்னாலேயே விசாரித்துக்கொள். பருத்திச் சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், விரல் மரத்துவிடும். கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி போதும். இரண்டு ஜோடி திணித்தால் ஷூ இறுகி ரத்தம் ஓடாது, இன்னும் குளிரும். செல்போன் பேட்டரி குளிரில் பொசுக்கென்று இறங்கும், உள்பையில் வை. டிக்கெட்டை வீட்டிலேயே போனில் இறக்கிவிடு, வாசலில் கூட்டத்தில் நெட்வொர்க் திணறும்.

ஆட்டத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி டெயில்கேட் நடக்கும். முன்பின் தெரியாதவர்களே கூப்பிட்டுத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். மாட்டிறைச்சி, பன்றி வேண்டாமென்றால் வாங்குமுன் கேள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கையில் பீர் திணிப்பார்கள், அங்கேதான் கவனம். 21 ஆகவில்லை என்றால் தொடாதே. ஆகியிருந்தாலும் குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்காதே. வரம்பு 0.08 என்று நம்மாட்கள் கணக்குப் போடுவார்கள். உனக்கு அந்தக் கணக்கு உதவாது, கைதானாலே போதும், தீர்ப்பு வருமுன்பே விசாவை ரத்து செய்ய வழி இருக்கிறது. "நம்ம பையன் ஒருத்தன் தப்பிச்சிட்டான்" என்று கதை சொல்பவனை நம்பாதே.

வேலை என்று கேட்டாயே, அதுவும் இதே இடத்தில் வந்து மாட்டும். ஸ்டேடியத் தின்பண்டக் கடையில் "ரொக்கமா தர்றோம், நில்லு" என்றால் நிற்காதே. படிப்பு நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான், வெளி நிறுவனம் சம்பளம் தந்தால் அது வளாக வேலையா என்பதே சந்தேகம். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு சேர்.

இந்த டீமில் ஒருவனைப் பிடித்துப்போனால் சட்டையில் அவன் பெயரைப் போட்டுக்கொள்ளாதே. 2023இன் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மார்க் கிரோனௌஸ்கி அதே அயோவாவுக்குப் போய்விட்டார். கோச் ஜிம்மி ரோஜர்ஸ் வாஷிங்டன் ஸ்டேட்டுக்குப் போனபோது வீரர்கள் பலரும் கூடவே போனார்கள். இந்த அடுக்கில் நன்றாக ஆடுகிறவனை மேலே இருப்பவன் கொத்திக்கொண்டு போவது வழக்கம்.

ஜாக்கெட்டை ஊரில் வாங்காதே, அங்கே விற்பது ஊட்டிக்குத்தான் தாங்கும். செப்டம்பரில் இங்கே வந்து வாங்கு. நவம்பர்வரை தள்ளினால் உன் அளவு கடையில் இருக்காது.